எதை விடப்போகிறாய் என்று முதலில் எழுது

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதுகலைப் படிப்பில் சேர்ந்துவிட்டாய் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். நம் வகுப்பில் மேலே படித்திருக்க வேண்டியவள் நீ. வேலை, திருமணம், குழந்தைகள் என்று தள்ளிக்கொண்டே போனது இப்போதாவது கைகூடியதே! உன் வீட்டுக்கார அண்ணன் உனக்குத் துணை நிற்கிறார் என்று எழுதியிருந்தது கூடுதல் நிறைவு.

இங்கே அனைவரும் நலம். அத்தைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஊன்றுகோல் பிடித்து வீட்டுக்குள் நடமாடுகிறார். மகளுக்கு இது பள்ளி இறுதி ஆண்டு. அலுவலகத்தில் ஒரு குழுவை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள், வேலை பிடித்திருக்கிறது. என் பகுதிநேரப் படிப்பும் முடிந்து பட்டம் கைக்கு வந்துவிட்டது. அதனால்தான், வேலை, வீடு, படிப்பு மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்று நீ கேட்டதற்கு விரிவாகப் பதில் எழுதத் துணிகிறேன்.

நீ அனுப்பிய கால அட்டவணையைப் பலமுறை பார்த்தேன். விடிகாலை நான்கு மணிக்குப் படிப்பு, பிறகு சமையல், பிள்ளைகள், அலுவலகம், மறுபடி வீடு, இரவில் மீண்டும் படிப்பு, பதினொன்றரைக்குப் படுக்கை. தூக்கத்துக்கு நாலரை மணி நேரம்தான் வைத்திருக்கிறாய். தயவுசெய்து இதை மாற்று. பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பகலில் படித்தது மனத்தில் நிலைப்பதற்கும் அந்தத் தூக்கம்தான் வழிசெய்கிறது. அதைக் குறைத்துப் படித்தால் படித்ததே தங்காது.

தூக்கத்தைத் தொடாமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 49. நீ சொன்னபடி அலுவலகமும் பயணமும் சேர்ந்து 58. வீட்டு வேலை, பிள்ளைகள், அப்பாவைக் கவனிப்பது எல்லாம் நாளுக்கு நான்கு என்றால் 28. குளியல், சாப்பாடு போன்ற உன் சொந்தத் தேவைகளுக்கு 14. மிஞ்சுவது 19. படிப்புக்கு வாரம் 15 மணி நேரம் வேண்டும் என்கிறாய். காகிதத்தில் போதும் போலத்தான் தெரியும். ஆனால் அந்த 19 மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. இங்கே இருபது நிமிடம், அங்கே அரை மணி என்று சிதறிக் கிடக்கும். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரத்தில் அதுவும் இல்லை. எட்டு, ஒன்பது மணி நேரம் உறுதியாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொள். அதற்கேற்ற அளவில் பாடங்களை எடு. பருவத்துக்கு இரண்டு தாள் மட்டும் எழுத அனுமதி உண்டா என்று கேள். இரண்டு ஆண்டில் முடிப்பதை மூன்றரை ஆண்டில் முடித்தால் பட்டத்தின் மதிப்பு குறைந்துவிடாது.

காலத்தைக் குறைத்து மதிப்பிடுவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இதற்கென்றே 'திட்டமிடல் பிழை' (planning fallacy) என்று ஒரு பெயர் சூட்டினார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாட்கள் என்றார்கள். எல்லாமே தடைப்பட்டால்? சுமார் 49 நாட்கள். முடித்தவர்களுக்கு உண்மையில் ஆனது 55 நாட்களுக்கும் மேல். தடைகளை நினைத்துப் பார்த்துச் சொன்ன கணக்கே போதவில்லை. உன் அட்டவணையிலோ தடைகளுக்கு இடமே இல்லை. வாரத்தில் ஒரு மாலையை எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விட்டு வை. அந்த வாரம் சரிந்த வேலை அதில் ஏறிக்கொள்ளும்.

இனி, நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. வேலை, வீடு, படிப்பு மூன்றையும் ஒவ்வொரு நாளும் சமமாகக் கொண்டுபோக யாராலும் முடியாது. ஒன்று முன்னே நிற்கும்போது மற்ற இரண்டும் எதை விட்டுக்கொடுக்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்தில் வேலைதான் முதலில். அப்போது படிப்பு நாளுக்கு அரை மணி போதும். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் படிப்பு முதலில். விருந்தினர், விசேஷம் எதற்கும் அப்போது வர இயலாது என்று இப்போதே சொல்லிவிடு. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் மற்ற இரண்டும் காத்திருக்கட்டும். இதை உன் மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் ஒரு தாளில் எழுதி அண்ணனிடமும் மேலாளரிடமும் பேசு. தேர்வு வாரத்தில் விடுப்புக் கேட்பதற்கும் மூன்று மாதம் முன்பே சொல்லி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு உனக்குத் தெரியாததல்ல.

அண்ணன் விஷயத்தில் ஒன்று. பிள்ளைகளின் பள்ளிக் காரியங்களைப் பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருக்கிறார் அல்லவா? முழுவதுமாக ஒப்படை. எந்தத் தேதியில் கட்டணம், எப்போது ஆசிரியர் சந்திப்பு என்று நினைவில் வைத்திருப்பதும் அவருடையதாகட்டும். நீ நினைவூட்டிக்கொண்டிருந்தால் வேலை அவரிடமும் அதன் பாரம் உன்னிடமும் இருக்கும். பல வீடுகளில் பெண்களைச் சோர்வடையச் செய்வது இந்த நினைவுப் பாரம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் ஒரு தேதியைத் தவறவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த தேதி அவருக்கு நினைவிருக்கும்.

பிள்ளைகளிடம் "அம்மா படிக்கிறேன், தொந்தரவு செய்யாதே" என்று நாள் முழுதும் சொல்லாதே. இந்த ஒரு மணி நேரம் கதவு மூடியிருக்கும், அதன் பிறகு அம்மா உங்களோடு என்று சொல். சொன்னபடி வெளியே வந்துவிடு. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் பேச்சுக்குத் தலையாட்டினால் இரண்டு பக்கமும் நிறையாது.

அலுவலகத்திலிருந்து வந்ததும் பாடத்தில் மனம் ஒட்டுவதில்லை என்று வருந்தியிருந்தாய். முடிக்காமல் விட்ட வேலையில் கவனத்தின் ஒரு பகுதி தங்கிவிடும் என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் எழுதியிருக்கிறார். கிளம்புமுன் எதில் நிறுத்தினாய், நாளை எதில் தொடங்குவாய் என்று இரண்டு வரி குறித்துவிட்டு எழுந்துவா. எனக்கு இது நன்றாகப் பயன்பட்டது.

சிதறிய அரை மணி நேரங்களில் புதிய பாடம் தொடங்காதே. அவற்றை நினைவுகூர்வதற்கு வைத்துக்கொள். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து, நேற்றுப் படித்த ஐந்து குறிப்புகளைக் கண்ணை மூடிச் சொல்லிப் பார். வராதவற்றை மட்டும் இறங்கியதும் புரட்டிப் பார். புதிய அத்தியாயங்களுக்கு ஞாயிறு காலையை வைத்துக்கொள்.

அப்பாவின் மருத்துவப் பரிசோதனைகளைத் தம்பியும் நீயும் மாற்றி மாற்றிப் பார்க்க முடியுமா? தம்பியிடம் கேட்கத் தயங்குகிறாய் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. கேள். தம்பிக்கும் அவர்தானே அப்பா.

பாடத்திட்டம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. புள்ளியியல் தாள் இருந்தால் என் குறிப்பேடுகளை அப்படியே அனுப்பி வைக்கிறேன். ஒப்படைப்புகளின் கடைசித் தேதிகளையும் எழுது. அந்த வாரங்களில் உன்னை அழைத்து அரட்டை அடிக்காமல் இருக்கிறேன். முடிந்த அன்று இரவு அழைக்கிறேன்.

அத்தை உன்னை விசாரித்தார். பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன் தோழி