லோசேர் மேயர்களுக்கு: ஊர் அலுவலகமான மேரியை மூடிவிடாதீர்கள்

லோசேர் மாவட்டத்தின் மேயர்களுக்கும் கம்யூன் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கம்யூன் என்னும் ஊராட்சிகளை இணைக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பிரான்சின் பெருநிலப் பகுதியில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் நம்முடையது. சுமார் 77 ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 150 கம்யூன்கள். நூறு பேர்கூட இல்லாத ஊர் தன் சாலையையும் குடிநீர்க் குழாயையும் தனியாகப் பராமரிப்பது எவ்வளவு சிரமம் என்று தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். இணைந்த பிறகும் பழைய ஊரின் அலுவலகமான மேரி வாரத்தில் அரை நாளாவது திறந்திருக்க வேண்டும். செயலாளர் அங்கே வந்து உட்கார வேண்டும்.

2017-இல் ஆறு கம்யூன்கள் சேர்ந்து 'மோன் லோசேர் எ கூலே' உருவானது. தலைமை அலுவலகம் லெ ப்லெமாரில். இணைந்த ஊர்களில் ஒன்றான ஷாசெராதெஸ் இருப்பதோ கூலே மலைக்கு அந்தப் பக்கம். வரைபடத்தில் பார்த்தால் கூப்பிடு தூரம். ஜனவரிப் பனியில், கார் ஓட்டாத எண்பது வயதுக்காரருக்கு அப்படியில்லை. இணைந்த ஊர்கள் தங்கள் மேரியோடு துணைக் கம்யூன்களாகத் தொடர சட்டம் இடம் தருகிறது. ஆனால் புதிய மன்றமே தீர்மானம் போட்டு அவற்றைக் கலைத்துவிடவும் முடியும். என் பயமெல்லாம் அந்தத் தீர்மானத்தைப் பற்றித்தான்.

செயலாளர் செய்வது வெறும் எழுத்து வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். பிறப்பு இறப்புப் பதிவு, வரவு செலவுத் திட்டம், வீடு கட்ட அனுமதி, வாக்காளர் பட்டியல் எல்லாம் அவர் கையில். அப்புறம் குக்கிராமங்களின் பொதுச் சொத்து இருக்கிறதே, அது நம் பக்கத்தில் நிறையவே உள்ள விஷயம். மேய்ச்சல் நிலமும் காடும் சில இடங்களில் கம்யூனுக்குச் சொந்தமில்லை. ஒரு குக்கிராமத்துக்கு மட்டும் சொந்தம். அங்கே யார் மாடு மேய்க்கலாம், யாருக்கு எவ்வளவு விறகு என்று தகராறு வந்தால், நிலவரைபடத்தை மேசையில் விரித்து, பழைய தீர்மானத்தைத் தேடி எடுத்துப் பேசிப் பேசித் தீர்த்து வைப்பவர் அவர். இதைத் தொலைபேசியில் செய்ய முடியுமா?

ஏற்கெனவே நிறைய போய்விட்டது. 2017 முதல் அடையாள அட்டைக்கு, கைரேகைக் கருவி உள்ள மேரிக்குத்தான் போக வேண்டும். ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு எல்லாம் இணையத்துக்குப் போயாயிற்று. கணினி தெரியாதவர்கள் மேரிக்கு வந்துதான் உதவி கேட்கிறார்கள். அந்தக் கதவும் மூடினால் எங்கே போவார்கள்?

சரி, செயலாளர் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பீர்கள். உண்மைதான். அந்தப் பணியின் மதிப்பை உயர்த்தத்தான் 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. இரண்டு மூன்று ஊர்கள் ஒரே செயலாளரைப் பகிர்ந்துகொள்ளட்டும். ஊருக்கு ஊர் அவர் போகட்டும், ஊரே அவரைத் தேடிப் போக வேண்டாம்.

இணைப்பு ஒப்பந்தம் எழுதும்போதே எந்த ஊரில், என்ன கிழமை, எத்தனை மணி நேரம் மேரி திறந்திருக்கும் என்று எழுதிவிடுங்கள். அந்த நேரத்தைக் குறைப்பதானால் முதலில் அந்த ஊர் மக்களைக் கூட்டிக் கேளுங்கள்.

அன்புடன்,
லோசேரில் குடியிருக்கும் ஒருவர்