தோடியின்ர முதல் பக்கம் ஆரிட்டையாவது இருக்குதோ?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கட பேப்பருக்கு நான் எழுதிற முதல் கடிதம் இது. எழுத்துப் பிழை இருந்தா திருத்திப் போடுங்கோ, ஆனா நீளம் எண்டு சொல்லி வெட்டிப் போடாதேங்கோ, வன்னியில இருக்கிற ஆக்கள் இதை ஒருக்கா வாசிக்க வேணும் எண்டுதான் இரவிரவா இருந்து எழுதிறன்.

போன மாதம் எங்கட சொந்தத்துக்க ஒரு கலியாணம், கிளிநொச்சிப் பக்கம் ஒரு மண்டபத்தில நடந்தது. மணவறைக்குப் பக்கத்தில போட்டோ எடுக்கிறதுக்கெண்டு பலகையில ஒரு சுவர் செய்து வைச்சிருந்தவை, பழைய காலத்து டிசைனாம். அரிக்கன் லாம்பு, சைக்கிள் றிம், ஒரு உடைஞ்ச றேடியோப் பெட்டி, அதுகளோட சேத்து முப்பது நாப்பது இசைத்தட்டு. எல்லாத்துக்கும் தங்கக் கலர் ஸ்பிரே அடிச்சு நடு ஓட்டைக்குள்ளால ஆணி இறுக்கியிருந்தது. பெடிபெட்டையள் அதுக்கு முன்னால நிண்டு செல்பி எடுக்குதுகள், அதுகளை நான் குறை சொல்லேல்ல, அதுகளுக்கு அது என்னெண்டு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல. நான் பந்திக்குப் போகேல்ல. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தட்டா விரலால தடவிப் பாத்துக்கொண்டு போனன். கன தட்டில லேபிளே தெரியேல்ல. ஒண்டில மட்டும் பெயின்ற் வடிவாப் பிடிக்காமல் எழுத்துத் தெரிஞ்சுது. கொலம்பியாக் கொம்பனித் தட்டு, திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளை, நாதஸ்வரம், தோடி ராகம். எனக்குக் கை நடுங்கிப் போச்சு.

இப்பத்தையப் பிள்ளையளுக்காக ஒரு சொல்லு சொல்லுறன். ராஜரத்தினம்பிள்ளை 1956 மார்கழியில செத்தவர், நான் பிறக்க முந்தி. ஆனா எங்கட ஊர்க் கோயில் திருவிழாக்களில அவர் எழுபதுகளிலயும் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தவர், ஸ்பீக்கரில. எங்கட அளவெட்டித் தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975 இல நாப்பதைக் கொஞ்சம் தாண்டின வயசில போய்ச் சேந்தாப்பிறகு, அப்பா அந்தத் தோடியைப் போடச் சொல்லிப்போட்டு ஒண்டும் பேசாமல் திண்ணையில இருந்தவர். தவில்காரர் செத்ததுக்கு ஏன் நாதஸ்வரம் கேக்கிறார் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்ல.

நான் வட்டக்கச்சி. அப்பு யாழ்ப்பாணத்தில இருந்து காணி கிடைச்சு இஞ்ச வந்தவர், வரேக்க மாட்டு வண்டிலில நெல்லு மூட்டையளுக்கு நடுவில ஒரு கிராமபோனையும் கொண்டு வந்தவர், சாவி குடுத்துச் சுத்திற பெட்டி. அது தவிர எனக்குப் பாட்டுப் பழக்கினது எங்கட பகுதியில ஸ்பீக்கர் கட்டித் திரிஞ்ச ஒரு அண்ணை. ஊரில எல்லாரும் அவரை ஸ்பீக்கர் அண்ணை எண்டுதான் கூப்பிடிறது. 1976 இல எனக்குப் பதின்மூண்டு வயசு, பள்ளிக்கூடம் விட்டா அவரோடதான். தென்னையில ஏறிக் குழாய் கட்டிறது, கார் பற்றறி காவிறது, பிறகு தட்டு மாத்திறது. நிமிசத்துக்கு எழுபத்தெட்டுச் சுத்துச் சுத்திற பழைய தட்டெண்டா ஒரு பக்கம் மூண்டு நிமிசம் சொச்சம், அதுக்குள்ள அடுத்ததை எடுத்துத் துடைச்சு ஊசியைப் பாத்து வைக்க வேணும், எழும்பித் தண்ணி குடிக்கவும் ஏலாது. எல்பி எண்ட பெரிய தட்டு வந்தாப்பிறகுதான் ஒரு பக்கம் இருபது நிமிசம் ஓடும், அந்த நேரத்துக்குள்ள ஓடிப்போய் அன்னதானத்தில இருந்து சாப்பிட்டு வரலாம். முதல் பாட்டு எப்பவும் சீர்காழியின்ர பிள்ளையார் பாட்டு. அது கேட்டாத்தான் ஊருக்குத் திருவிழா துவங்கினது தெரியும். ரி.எம்.எஸ். பாட்டெண்டா வயலுக்க நிக்கிறவனும் சொல்லுவான் இது எம்ஜிஆருக்கு, இது சிவாஜிக்கு எண்டு, படம் பாக்காதவனும் சொல்லுவான், அப்பிடி ஆளுக்கேத்த மாதிரிக் குரலை மாத்திப் பாடின மனுசன்.

இன்னொண்டு கதைவசனத் தட்டு. 1965 இல வந்த திருவிளையாடல் படத்தின்ர வசனத்தட்டு ஸ்பீக்கர் அண்ணையிட்ட இருந்தது. தருமியா நடிச்ச நாகேசின்ர பகுதி வந்தா அன்னதானத்துக்குக் காய் வெட்டுற பொம்பிளையள் கத்தியைக் கீழ வைச்சிடுவினம். ஊரில சின்னப் பிள்ளை தொடக்கம் கிழவன் வரைக்கும் அந்த வசனம் முழுக்கப் பாடம், நாகேஸ் ஒரு வரி சொல்ல முந்தி ஊர் சொல்லும். படம் பாத்தவை அதில அரைவாசிகூட இருக்காது. றெயில்வேயில கிளாக்கரா வேலை செய்த ஒரு மெலிஞ்ச மனுசன், முகத்தைக் காட்டாமல் வெறும் குரலால ஒரு குடியேற்றத் திட்டத்தையே சிரிக்க வைச்சிருக்கிறார் எண்டா அது சின்ன விசயமோ?

தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு கறண்டும் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு பெடலைச் சுத்தி டைனமோவில றேடியோக் கேட்ட காலம் உங்கட வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் எண்டு இலங்கை வானொலியால வீட்டுக்க வந்த குரலுகள் எல்லாம் எங்களுக்கு அப்ப தூரமாப் போச்சுது, பெடல் சுத்திக் கால் உழைஞ்சா செய்தியோட நிப்பாட்ட வேண்டியதுதான். அப்பதான் அப்புவின்ர கிராமபோன் திரும்ப உயிர் பெற்றது, அதுக்கு ஸ்பிரிங்தானே, கறண்டும் வேண்டாம் பற்றறியும் வேண்டாம். ஆனா ஊசி? இரும்பு ஊசி தேஞ்சா தட்டை அரிச்சுப்போடும், புதுசு எங்க வாங்கிறது. அப்பா நாகதாளி முள்ளை வெட்டிக் காயவைச்சு, வீட்டுச் சீமெந்துத் திண்ணையில உரஞ்சிக் கூராக்கி அதைப் போட்டார். சத்தம் கொஞ்சம் குறைவு, ஆனா இரைச்சலும் குறைவு, தட்டுக்கும் நோகாது. பழைய காலத்தில வெளிநாட்டிலயும் கள்ளி முள்ளில ஊசி செய்து வித்தவை எண்டு நான் பிறகுதான் அறிஞ்சன், அப்பாவுக்கு அது ஆர் சொன்னதோ. சிவாஜி 2001 ஆடி 21 இல செத்த செய்தி டைனமோ றேடியோவிலதான் வந்தது. அதுக்குச் சரியா ஒரு மாதம் முந்தி ஆனி 21 இல திருவிளையாடலுக்கு இசையமைச்ச கே.வி. மகாதேவன் போனவர். அண்டிரவு முழுக்க ஊராக்கள் எங்கட முத்தத்தில வந்து இருந்து தட்டுப் போடச் சொல்லிக் கேட்டவை. அது செத்தவீடு மாதிரித்தான் இருந்தது, தேத்தண்ணியும் குடுத்தம்.

2008 மார்கழியில இடம்பெயரேக்க என்னட்ட 212 தட்டு. ஸ்பீக்கர் அண்ணை கண் மூட முந்தி தன்ரையையும் என்னட்டத்தான் தந்தவர். லான்ட்மாஸ்டர் ட்ராக்டரில பெட்டிக்கு இடமிருக்குதோ தட்டுக்கு இடமிருக்குதோ எண்டு பாத்தா, அரிசியும் தறப்பாளும்தானே முதல். ரெண்டு ட்ரங்குப் பெட்டியில அடுக்கி உரப்பையால சுத்தி, மாமரத்துக்குக் கிழக்கால பங்கர் வெட்டின குழிக்குள்ள இறக்கி மண் போட்டம். மனுசி ஒரு வார்த்தை சொல்லேல்ல, அவளும் கூடநிண்டு மண் தள்ளினவள்.

நாகேஸ் செத்தது 2009 தை 31. அண்டைக்கு நாங்கள் சுதந்திரபுரத்துக்கும் உடையார்கட்டுக்கும் இடையில ஒரு பங்கருக்குள்ள இருந்தம். ஒண்டும் தெரியாது. பிறகு செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில, ஆனி மாதமாக்கும், ஆரோ சீனி சுத்திக் கொண்டுவந்த பேப்பர்த் துண்டில அவரின்ர படம், பக்கத்தில காலமானார் எண்டு இருந்தது. அது உங்கட பேப்பரோ வேற பேப்பரோ சொல்லத் தெரியேல்ல, மேல்பக்கம் கிழிஞ்சு போச்சு. ஐஞ்சு மாதம் பிந்தி. கூடாரத்தில என்னோட இருந்த நாலு பேரும் அந்த வசனத் தட்டைக் கேட்டு வளந்த ஆக்கள்தான், நான் அந்தத் துண்டைக் காட்டினன், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. எங்களுக்கு அப்ப எங்கட செத்த ஆக்களுக்கே அழுது முடியேல்ல. ஆனா அந்த மனுசனுக்கு நாங்கள் ஒரு நாள் கடன் எண்டது எனக்கு அண்டு தொடக்கம் நெஞ்சுக்க கிடக்குது. அதே வருசம் ஆடியில சங்கீதப் பாடகி டி.கே. பட்டம்மாள் போனதும் எனக்குத் தெரியவந்தது வெளியில வந்தாப்பிறகுதான்.

2010 இல வீட்டை திரும்பினம். கண்ணிவெடி எடுக்கிறவை பாத்து முடிஞ்சாப்பிறகு மாமரத்தடியைக் கிண்டினன், மரம் பாதிதான் நிண்டது. ஒரு பெட்டி நசுங்கி உள்ளுக்கிருந்த, அரக்கில செய்த பழைய எழுபத்தெட்டுத் தட்டெல்லாம் தூள். மற்றப் பெட்டியும் எல்பியளும் சேத்து 131 தட்டு மிஞ்சினது. உறை, லேபிள் எல்லாம் கறையான் திண்டு போட்டுது, எல்லாம் வெறும் கறுப்புத் தட்டு, ஆரின்ர பாட்டெண்டே தெரியாது. பாட்டு முடியிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில சின்னதா ஒரு நம்பர் அடிச்சிருக்கும், அதை டோர்ச் அடிச்சுச் சரிச்சுப் பாத்தாத் தெரியும். அந்த நம்பருகளை எழுதி வைச்சு ஒவ்வொண்டாப் போட்டுக் கேட்டு ஒரு சிஆர் கொப்பியில பதிஞ்சன். எனக்குத் தெரியாத பாட்டுக்குப் பக்கத்து வளவு ஆச்சியைக் கூப்பிடிறது. ஒருநாள் ஊசி வைச்சு இரைச்சல் போகுது, பாட்டுத் துவங்கேல்ல, ஆச்சி சொல்லுறா இது எங்கட கலியாணத்தண்டு போட்டது, இப்ப குழல் வரும் பார் எண்டு. குழல்தான் வந்தது. அவவின்ர அவர் முள்ளிவாய்க்காலோட இல்லை.

ஒரு தட்டை நானே கெடுத்தன், அதையும் எழுதத்தான் வேணும், மற்றவை அப்பிடிச் செய்யக் கூடாது எண்டதுக்காக. கே.பி. சுந்தராம்பாள் பாடின பழைய தட்டு. அவ கிட்டப்பாவை 1926 இல எங்கட நாட்டில நாடகம் நடிக்க வந்த இடத்திலதான் சந்திச்சவ, கிட்டப்பா 1933 இல இருபத்தேழு வயசில செத்தாப்பிறகு சாகும் வரைக்கும் வெள்ளைச் சீலைதான் கட்டினவ. அந்தக் குரல் இருந்த தட்டில பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்க, நான் காயத்துக்குப் போடுற ஸ்பிரிட்டைப் பஞ்சில நனைச்சுத் துடைச்சன். அரக்குக்கு ஸ்பிரிட் ஆகாது, கரைச்சுப்போடும். பஞ்சு கறுப்பா வந்தது, ஊத்தை எண்டு நினைச்சு இன்னும் அழுத்தித் துடைச்சன். ஊத்தை இல்லை, பாட்டுத்தான் கழண்டு வந்தது. தயவுசெய்து ஆரிட்டையும் அரக்குத் தட்டிருந்தா தண்ணியில ஒரு சொட்டுச் சவுக்காரம் விட்டு மெல்லிய துணியால கோடு போற பக்கமாத் துடையுங்கோ, லேபிளை நனைக்காதேங்கோ, நிழலில நிமித்தி வைச்சுக் காயவிடுங்கோ, அவ்வளவும் காணும்.

பிறகு நடந்த சாவுகள் எல்லாம் நேரத்துக்குத் தெரிஞ்சுது. பி.பி. ஸ்ரீநிவாஸ் 2013 சித்திரை வருசத்தண்டு, நாப்பத்தொரு நாள் கழிச்சு வைகாசி 25 இல ரி.எம்.எஸ்., 2015 இல எம்.எஸ்.வி., 2018 தையில எங்கட சிலோன் மனோகர், கொரோனாக் காலத்தில எஸ்.பி.பி., 2023 மாசி 4 இல வாணி ஜெயராம். கிளிநொச்சியில எங்களுக்க வாழ்ந்த எஸ்.ஜி. சாந்தன் 2017 மாசியில போனவர், அவரின்ர எழுச்சிப் பாட்டெல்லாம் கசெற்றில வந்தது, அதுகளைப் பயத்தில எரிச்சவையும் உண்டு, தாட்டவையும் உண்டு, தாட்டது ஒண்டும் மிஞ்சேல்ல, நாடா ஒட்டிப் போச்சு. கோயில் பாட்டு ரெண்டு பதிவு என்னட்ட இருக்குது. ஆர் செத்தாலும் அண்டிரவு அவையின்ர தட்டு எங்கட வீட்டில ஓடும். ஒவ்வொரு தை 31 க்கும் தருமி வசனம். தட்டில கீறல் விழுந்து ஒரு இடத்தில திரும்பத் திரும்பச் சொல்லும், வந்திருக்கிறவை சேந்து சொல்லி அந்த இடத்தைத் தாண்டி விடுவினம்.

ஆனபடியாத்தான் அந்தக் கலியாண மண்டபத்தில எனக்கு அப்பிடி நெஞ்சு அடைச்சது. டெக்கரேசன் செய்த தம்பியைக் கேட்டன், பழைய இரும்பு எடுக்கிற ஆளிட்டக் கிலோவுக்கு வாங்கினதாம். நல்ல பெடியன், விசயத்தைச் சொல்ல முகம் மாறிப் போச்சு, விழா முடியத் தானே ஆணியைக் கழட்டி அந்தத் தோடியைக் கையில தந்தவன், காசும் வாங்கேல்ல. வீட்டை கொண்டு வந்து பாத்தா ஒரு பக்கம் முழுக்கப் பெயின்ற் கோட்டுக்குள்ள இறங்கிக் காஞ்சிட்டுது. சுவர்ப் பக்கம் இருந்தது மட்டும் தப்பினது. அது ரெண்டாம் பக்கம். முதல் பக்கத்தில துவங்கின ஆலாபனையின்ர தொடர்ச்சி. வைச்சன். அவர் ஏற்கெனவே மேல ஏறி நிக்கிறார், எங்கயிருந்து ஏறி வந்தவர் எண்டு கேக்க ஏலாமல் இருக்குது. தின்னர் போட்டுப் பெயின்றை எடுக்கலாம் எண்டு சொல்லுகினம், சுந்தராம்பாள் தட்டுக்குச் செய்ததை நான் திரும்பச் செய்ய மாட்டன்.

ஆசிரியர் ஐயா, உங்கட பேப்பர் மூலமா வன்னிச் சனத்திட்ட ரெண்டு விசயம் கேக்கிறன். வீட்டுப் பறணையில, மாட்டுக் கொட்டிலில, கிண்டியெடுத்த பெட்டியில தட்டுக் கிடந்தா இரும்புக்காரரிட்டக் குடுக்காதேங்கோ, எனக்கும் தர வேண்டாம், வைச்சிருங்கோ, நான் பெட்டியோட வந்து போட்டுக் காட்டிப்போட்டு போனில பதிஞ்சும் தாறன். எங்கட ஊர் வாசிகசாலையளில ஒரு அலுமாரி இதுக்கு ஒதுக்க ஏலுமெண்டா 131 தட்டையும் என்ர காலத்துக்குப் பிறகு அதில வைக்க மகனிட்டச் சொல்லி வைச்சிருக்கிறன். மற்றது, ராஜரத்தினம்பிள்ளையின்ர அந்தத் தோடித் தட்டு, முதல் பக்கம் நல்லா இருக்கிறது, ஆரிட்டையாவது இருந்தா ஆசிரியர் பீடத்துக்கு அறிவியுங்கோ, என்ர விலாசம் அங்க குடுத்திருக்கிறன். தபாலில போட வேண்டாம், உடைஞ்சிடும். முல்லைத்தீவோ மன்னாரோ எங்கயெண்டாலும் நான் பஸ்ஸில வந்து உங்கட வீட்டிலயே ஒருக்காக் கேட்டுப்போட்டுப் போறன்.

இப்படிக்கு,
பழைய பாட்டு ரசிகன்,
வட்டக்கச்சி.