2029 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் பெண்கள் காற்பந்தைச் சேர்க்கவும், தேசியப் பெண்கள் அணியை இப்போதே ஆயத்தப்படுத்தவும் கோரும் மனு

அனுப்புநர்:
ஈசூன் வட்டாரப் பெண் பிள்ளைகளின் காற்பந்துக் குழு ஒன்றின் தொண்டூழிய மேலாளரும், அக்குழுவில் ஆடும் பிள்ளைகளின் பெற்றோரும்,
சிங்கப்பூர்.

பெறுநர்:
மாண்புமிகு அமைச்சர் அவர்கள்,
கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சு,
சிங்கப்பூர்.

பொருள்: 2029 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் பெண்கள் காற்பந்து இடம்பெறுவதை உறுதிசெய்யவும், அதற்கான அணியைப் பள்ளிப் பருவத்திலிருந்து வளர்த்தெடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2029ஆம் ஆண்டு தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளைச் சிங்கப்பூர் ஏற்று நடத்தவிருக்கிறது. அப்போட்டிகளில் பெண்கள் காற்பந்து கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பதும், அந்த முடிவைக் கடைசி நேரம்வரை தள்ளிப்போடாமல் முன்கூட்டியே அறிவித்து, நம் தேசியப் பெண்கள் அணி அதற்கு ஆயத்தமாவதற்குரிய ஆண்டுகளை வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும் என்பதுமே இம்மனுவின் வேண்டுகோள்.

இதை இவ்வளவு அழுத்திக் கேட்பதற்குக் காரணம் 2015. நாட்டின் பொன்விழா ஆண்டில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகள் நம் மண்ணில் நடந்தபோது, காற்பந்தில் ஆண்களுக்கு மட்டுமே போட்டி இருந்தது. பெண்கள் காற்பந்து பட்டியலில் இல்லை. அப்போது ஆறு வயதாயிருந்த என் மகளை ஜாலான் புசார் விளையாட்டரங்குக்கு ஓர் ஆட்டம் பார்க்க அழைத்துச் சென்றிருந்தேன். இடைவேளையில் அவள், "அம்மா, அக்காங்க மேட்ச் எப்ப?" என்று கேட்டாள். ஏதாவது ஒரு நாளில் இருக்கும் என்ற நினைப்பில், "இன்னொரு நாள் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அட்டவணையைப் புரட்டிய பிறகுதான் அப்படி ஒரு நாளே இல்லை என்று தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு 2029இல் இருபது வயது. அவள் தேசிய அணிக்குத் தேர்வாவாளா என்பதல்ல இங்கே கேள்வி. அவள் வயதுப் பெண்கள், சொந்த நாட்டில், சொந்த மக்கள் முன்னால் ஆடும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். சென்றமுறை வந்தது கைநழுவிப் போயிற்று. எந்தெந்த விளையாட்டுகளை நடத்துவது என்பதில் ஏற்று நடத்தும் நாட்டின் சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இம்முறை அந்தச் சொல் நம்முடையது.

பெண்கள் காற்பந்து சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1975இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசியப் பெண்கள் கிண்ணப் போட்டியிலேயே நம் அணி கலந்துகொண்டது. 1977இல் தைப்பேயில் இந்தோனீசியாவை வென்று மூன்றாம் இடத்தைப் பெற்றது. 1983இல் பேங்காக்கில் நான்காம் இடம். தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் பெண்கள் காற்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 1985இல் தாய்லாந்துக்கு அடுத்து வெள்ளிப் பதக்கம் நமக்குக் கிடைத்தது. அன்று போட்டியிட்ட நாடுகள் மிகக் குறைவு என்பதை மறைத்துப் பெருமை பேச நாங்கள் விரும்பவில்லை. ஆனால் நம்மோடு ஏறத்தாழ ஒரே நேரத்தில் புறப்பட்டவர்களும், நமக்குப் பின்னால் வந்தவர்களும் இன்று எங்கே இருக்கிறார்கள், உலகத் தரவரிசையில் முதல் நூறு இடங்களுக்குள்கூட இல்லாத நாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கும்போது, இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் தொடர்ச்சி அறுந்துபோனது தெளிவாகிறது.

அந்தத் தொடர்ச்சி எங்கே அறுகிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில் எங்கள் குழுவில் கண்ணெதிரே பார்க்கிறோம். தொடக்கப்பள்ளி முடியும்வரை ஆண் பிள்ளைகளோடு கலந்து ஆடிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகள், உயர்நிலைப்பள்ளியில் இடம் கிடைத்ததும் ஒருவர் பின் ஒருவராக வந்து காலணியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். குழுவுக்கென்று வாங்கி, அளவுக்கேற்ப மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் காலணிகள் அவை. போன ஆண்டு இறுதியில் என் வீட்டு வாசலில் அப்படி ஒன்பது சோடி சேர்ந்துவிட்டன. காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: புதிய பள்ளியில் பெண்களுக்குக் காற்பந்து இணைப்பாட நடவடிக்கையாக இல்லை. சிலர் வலைப்பந்துக்குப் போகிறார்கள், சிலர் சீருடைக் குழுக்களுக்குப் போகிறார்கள். அவற்றில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் பந்தை நெஞ்சில் ஏந்தி இரு காலாலும் கடத்தத் தெரிந்த பிள்ளை, பதினாறு வயதில் மீண்டும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருப்பதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

ஒரே பள்ளியில் பதினோரு பெண்களைத் திரட்டுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே அணி அமைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அக்கம்பக்கத்திலுள்ள நான்கைந்து உயர்நிலைப்பள்ளிகள் சேர்ந்து, ஒரு திடலில், ஒரு பயிற்றுநரின்கீழ் ஒரே அணியாக ஆடவும், அதற்குச் செலவிடும் நேரம் அவரவர் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகவே கணக்கில் சேரவும் கல்வி அமைச்சோடு கலந்து ஏற்பாடு செய்தருள வேண்டுகிறோம். இணைப்பாடப் புள்ளிகள் கிடைக்காத விளையாட்டை ஆடப் பிள்ளைகள் விரும்பினாலும் பெற்றோர் விடமாட்டார்கள். நானும் ஒரு பெற்றோர் என்பதால் இதைத் தயக்கமின்றிச் சொல்ல முடிகிறது.

அடுத்தது மழையும் மின்னலும். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் திடலில் நிற்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. உலகில் மின்னல் அதிகம் விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் ஏதாவது ஒரு மூலையில் இடி இடிக்கிறது. எங்கள் பயிற்சி வியாழன் மாலை ஏழிலிருந்து ஒன்பது மணிவரை. ஏழேகாலுக்கு மின்னல் எச்சரிக்கை விளக்கு சுழலத் தொடங்கும். இருபது பிள்ளைகளையும் கழிவறைக்கு முன்னால் உள்ள கூரையடியில் நிறுத்திவைப்போம். ஒரு துளி மழைகூட விழாது. ஆனால் விளக்கு அணையாது. பிள்ளைகள் வீட்டுப் பாடப் புத்தகத்தை எடுத்துத் தரையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். எட்டு நாற்பதுக்கு விளக்கு அணையும். இருபது நிமிடம் ஆடிவிட்டு, மறுநாள் பள்ளி என்பதால் வீட்டுக்கு ஓடுவார்கள். பாதுகாப்பு விதியில் ஒரு நிமிடம்கூட விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டோம். ஆனால் ஐஸ்லாந்து என்ற தீவு நாடு இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. அங்கே எதிரி குளிரும் இருட்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து அவர்கள் முழு அளவுத் திடல்களுக்கே கூரை போட்டு உள்ளரங்குகளாகக் கட்டினார்கள். நான்கு லட்சத்தை எட்டாத மக்கள்தொகை கொண்ட அந்நாட்டின் பெண்கள் அணி 2009 முதல் ஐரோப்பியக் கிண்ணத்தின் இறுதிச் சுற்றுக்குத் தொடர்ந்து தகுதிபெற்று வருகிறது; அவர்களுடைய ஆண்கள் அணி முதன்முதலாக அங்கே கால்வைத்தது 2016இல்தான். மின்னல் காப்புடன் கூரையிட்ட முழு அளவுத் திடல் ஒன்றையேனும் வடக்கிலோ மேற்கிலோ அமைத்து, வார நாள் மாலைகளில் பெண்கள் பயிற்சிக்கு முன்னுரிமை அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வளர்ந்த ஆட்டக்காரர்களின் நிலை வேறு. தேசியச் சீருடை அணியும் பெண்களில் பெரும்பாலோர் பகலில் வேலைக்கோ படிக்கவோ செல்பவர்கள். அதன்பின் மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். வெளிநாட்டில் போட்டி என்றால் ஆண்டு விடுப்பு கரைகிறது. அது தீர்ந்தால் சம்பளமில்லா விடுப்பு. நம் தேசிய ஆட்டக்காரர் டெனெல் டான் 2023இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் பெண்கள் அணியில் சேர்ந்தபோது நாடே மகிழ்ந்தது. எங்கள் பிள்ளைகள் மஞ்சள் சட்டை கேட்டு அடம்பிடித்தார்கள். ஆனால் அவரைப்போல் வெளிநாடு செல்லக் குடும்ப ஆதரவும் துணிவும் ஒருசேர அமைவது அரிது. உள்ளூரிலேயே இருந்து ஆடும் மற்றவர்களுக்கு, 2029வரையிலான காலத்திற்கேனும், முன்னணி விளையாட்டாளர்களுக்கு வழங்கப்படும் ஸ்பெக்ஸ் உபகாரச் சம்பளத்தைப் போன்ற மாதாந்தர உதவித்தொகையும், போட்டிக்காலத்தில் முதலாளிகளுக்கு இழப்பீட்டுடன் கூடிய விடுப்பு ஏற்பாடும் செய்து தர வேண்டும். தனிநபர் விளையாட்டுகளில் பதக்க வாய்ப்பைப் பார்த்து உதவித்தொகை வழங்கும் முறையை நாங்கள் குறைகூறவில்லை. குழு விளையாட்டில் பதினெட்டு, இருபது பேரைச் சேர்த்துத்தான் வளர்க்க முடியும். பதக்கம் வந்தபின்தான் உதவி என்றால் பதக்கம் வரவே வராது.

நம் வட்டாரத்தில் 2023 பெண்கள் உலகக் கிண்ணத்திற்கு முதன்முறையாகத் தகுதிபெற்ற நாடுகள் இரண்டு: பிலிப்பீன்ஸ், வியட்நாம். நியூசிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே பிலிப்பீன்ஸ் 1-0 என்ற கணக்கில் வென்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அந்த அணியில் பலர் அமெரிக்காவில் பிறந்து அங்கேயே ஆட்டம் கற்றவர்கள். இரட்டைக் குடியுரிமையை ஏற்காத நமக்கு அந்த வழி அடைபட்ட வழி. நாம் பார்க்க வேண்டியது வியட்நாமை. 1998இலிருந்து தேசிய அளவில் பெண்கள் போட்டியை விடாமல் நடத்தி, சிறுமிகளைப் பயிற்சி மையங்களில் தங்கவைத்து வளர்த்த நாடு அது. தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் 2017 முதல் 2023 வரை நான்கு முறை தொடர்ந்து தங்கம் வென்றது. அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் குறுக்குவழி எதுவும் இல்லை.

நம்மைப் போன்ற தீவு வேண்டுமென்றால் ஜமைக்கா இருக்கிறது. மக்கள்தொகை நம்மில் பாதி. பணமில்லை என்று சொல்லி அந்நாட்டின் பெண்கள் அணி கைவிடப்பட்டிருந்தது. 2014இல் நன்கொடை திரட்டி அதற்கு மீண்டும் உயிர்கொடுத்தார்கள். 2019இல் உலகக் கிண்ணத்திற்குத் தகுதிபெற்ற முதல் கரீபிய அணி அதுவே. 2023இல் பிரான்சையும் பிரேசிலையும் கோலடிக்கவிடாமல் சமன் செய்து, கடைசி பதினாறு அணிகளுக்குள் நுழைந்தது. அப்போதும் ஆட்டக்காரர் ஒருவரின் தாயார் இணையத்தில் கையேந்தித்தான் பயணச் செலவுக்குப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த நிலை நமக்கு வேண்டாம். வரவேண்டிய அவசியமும் இல்லை. விளையாட்டுக்கு வழங்கப்படும் நன்கொடையில் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசு ஒரு வெள்ளி சேர்த்துத் தரும் 'ஒன் டீம் சிங்கப்பூர்' நிதி இங்கே இருக்கிறது. பெண்கள் காற்பந்துக்கென்று வரும் நன்கொடை அதன்வழி நேரே பெண்கள் அணிக்கும் இளையர் அணிகளுக்கும் சென்று சேர்வதற்குத் தனிக் கணக்கு ஒன்று வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

2021இல் தொடங்கப்பட்ட 'அன்லீஷ் த ரோர்' என்ற தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்திற்கு ஓர் இலக்கு ஆண்டு உண்டு. ஆண்கள் அணி 2034 உலகக் கிண்ணத்திற்குத் தகுதிபெற வேண்டும் என்பது அது. அந்த இலக்கு எட்டுமா எட்டாதா என்று காப்பிக்கடைகளில் எவ்வளவோ விவாதம் நடக்கிறது. ஆனால் அப்படி ஓர் ஆண்டைக் குறித்து வைத்ததால்தான் பள்ளிக் காற்பந்துக் கழகங்கள், பயிற்றுநர்கள், வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் பின்தொடர்ந்து வந்தன. பெண்கள் அணிக்கு எந்த ஆண்டு? 2031 பெண்கள் உலகக் கிண்ணம் 48 அணிகளாக விரிகிறது என்பதற்காக அங்கே போய்விடுவோம் என்று நாங்கள் கனவு காணவில்லை. 2029இல் நம் மண்ணில் அரையிறுதி என்பது கடினமான, ஆனால் நேர்மையான இலக்கு. அதை அமைச்சும் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கமும் சேர்ந்து எழுத்தில் அறிவித்து, ஆண்டுதோறும் எவ்வளவு தொகை, எத்தனை அனைத்துலக ஆட்டங்கள், எத்தனை முழுநேரப் பயிற்றுநர்கள் என்பதையும் வெளியிட வேண்டும். 2022இல் மீண்டும் தொடங்கிய பெண்கள் பிரிமியர் லீக் நல்ல அடித்தளம். அதன் ஆட்டங்களில் பெற்றோரையும் நண்பர்களையும் தாண்டிப் பார்வையாளர்கள் வரவேண்டுமானால், தேசிய அணி ஆண்டுக்குச் சிலமுறையாவது உள்ளூரில் ஆட வேண்டும்.

மேற்கூறியவை குறித்து நேரில் விளக்க அரை மணி நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வியாழன் மாலை ஏழு மணிக்கு எங்கள் திடலுக்கே தாங்கள் வர இயலுமானால் மிக்க மகிழ்ச்சி. விளக்கு சுழன்றால் கூரையடியில் பிள்ளைகளோடு நின்று பேசலாம். பெற்றோரின் கையெழுத்துப் படிவங்களும், கடந்த ஈராண்டுகளில் ஆட்டத்தை விட்டுச் சென்ற பிள்ளைகள் தாங்களே எழுதிக் கொடுத்த காரணங்களும் இம்மனுவுடன் இணைக்கப்பட்டுள்ளன. பிள்ளைகளின் பெயர்களை நீக்கியிருக்கிறோம்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,

தொண்டூழிய மேலாளர்,
குழுவின் பெற்றோர் சார்பாக,
ஈசூன், சிங்கப்பூர்.