எண்ணை அழித்துவிட்டு வாசிக்கச் சொல்

பாம்பன்

அன்பு மகளுக்கு,

கூட்டல் கழித்தல் எல்லாம் கடகடவென்று போடுகிற உன் வகுப்புப் பிள்ளைகள், வாக்கியமாக வருகிற வாழ்க்கைக் கணக்கு என்றதும் விழிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். சாயங்காலம் நம் திண்ணைக்குப் படிக்க வருகிற பிள்ளைகளிடமும் இதையேதான் பார்க்கிறேன். கணக்கு வருகிறது, வாக்கியம்தான் பிடிபடவில்லை.

'செல்வியிடம் 12 சங்கு இருக்கிறது. இது மேரியிடம் இருப்பதைவிட 4 அதிகம். மேரியிடம் எத்தனை?' என்று கேட்டால் பாதிப் பேர் 16 என்கிறார்கள். 'அதிகம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி என்று யாரோ பழக்கியிருக்கிறார்கள். அந்தக் குறுக்குவழியை நீ சொல்லிக் கொடுத்துவிடாதே தாயி. சின்ன வகுப்பில் மார்க் வாங்கித் தரும், அப்புறம் காலை வாரிவிடும். நான் எண்களை அழித்துவிட்டு வாசிக்கச் சொல்வேன். 'செல்வியிடம் கொஞ்சம் சங்கு. மேரியிடம் இருப்பதைவிட அதிகம்.' யாரிடம் கூட இருக்கிறது? "செல்விக்கிட்டதான்" என்று சட்டென்று பதில் வரும். பிறகு எண்ணை எழுதினால், 16 போட்ட பிள்ளையே அதை அழித்துவிட்டு 8 போடுகிறது.

'முதல்', 'வரை' என்பதும் அப்படித்தான். விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் எத்தனை நாள் என்று கேட்டேன். நன்றாகப் படிக்கிற பையன் 30இல் 15 போக 15, மே 31, ஜூன் 14, ஆக 60 என்றான். போட்டில், அதாவது விசைப்படகில், கடலுக்குப் போகிறவர் மகள் விடவில்லை. "61! பதினஞ்சாம் தேதியே போட்டு போகாதுல்ல?" முதல் நாளும் சேரும் என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் 15ஆவது கிலோமீட்டர் கல் முதல் 30ஆவது கல் வரை தூரம் 15தான். நாளை எண்ணுவது வேறு, தூரத்தை அளப்பது வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார். உன் கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்குக் கடல் எதற்கு, மாந்தோப்பை வைத்துக் கேள்.

வினாத்தாள் எடுக்கும்போது '3 மடங்கு அதிகம்' என்று மட்டும் எழுதாதே. 10ஐவிட 3 மடங்கு அதிகம் என்றால் 30ஆ, 40ஆ என்று பெரியவர்களே சண்டை போடுவார்கள். 30 வேண்டுமென்றால் '10இன் 3 மடங்கு' என்று எழுது.

விடை தப்பாக இருந்தால் சிவப்பு மையால் சுழிக்குமுன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, கேள்வியை அதன் சொந்தப் பேச்சில் சொல்லச் சொல். கணக்கில் தப்பா, வாசித்ததில் தப்பா என்று உனக்கே தெரிந்துவிடும்.

அன்புடன்,
அம்மா