நிரந்தர உர வயல்களில் வைரஸையும் பாருங்கள்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண் அறிவியல், நுண்ணுயிரியல் துறைகளில் பணிபுரியும் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் மானாவாரியில் கடலை போடுகிறவன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியலும் நடத்துகிறேன். இந்த இரண்டு வேலையும் சேர்ந்துதான் என்னை இந்த மடலை எழுத வைத்தன.

விதைத்த நாற்பதாம் நாள் ஒரு கடலைச் செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறிவிட்டு, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், முடிச்சில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்று அர்த்தம். வெளுத்துக் கிடந்தால் வேலை நடக்கவில்லை. போன வருடம் ஒரே ரைசோபியப் பொட்டலத்தை அரிசிக் கஞ்சியில் கலந்து, விதைநேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி, ஒரே நாளில் இரண்டு துண்டு நிலத்திலும் விதைத்தேன். மேட்டுத் துண்டில் முடிச்சுகள் கொத்துக் கொத்தாக இருந்தன. வருஷா வருஷம் கடலையே போட்டுவரும் பள்ளத் துண்டில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். பொட்டலத்தைக் குறை சொல்ல வழியில்லை. நீர் தேங்கியிருக்கலாம், மண்ணில் முன்பே இருந்த ரைசோபியம் புதிதாகப் போட்டதை அண்டவிடாமல் செய்திருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு, அதை எங்களிடம் யாரும் பேசுவதில்லை. ரைசோபியத்தைத் தாக்கும் வைரஸ்கள்.

1930களிலேயே பிரான்சில் இந்தக் கேள்வி எழுந்தது. தொடர்ந்து குதிரைமசால் என்ற தீவனப் பயிர் போட்ட வயல்கள் களைத்துப்போவதற்கு, வேர்முடிச்சுப் பாக்டீரியாவை அழிக்கும் ஃபேஜ் என்ற வைரஸ்தான் காரணம் என்று எழுதினார்கள். அது மட்டுமே காரணமா என்பதில் பிறகு கருத்து வேறுபாடு வந்தது. ஆனாலும் ரைசோபியம் இருக்கும் மண்ணில் அதன் ஃபேஜும் இருக்கும் என்பதில் சந்தேகமில்லை.

சரி, அப்படியென்றால் வைரஸ் மண்ணுக்குப் பகையா? வகுப்பில் நான் தடுமாறுகிற இடம் இதுதான். பழைய பாடநூல்களில் இதற்கு நச்சுயிரி என்று பெயர், பெயரிலேயே நஞ்சு வந்துவிட்டது. ஆனால் ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில், சில இடங்களில் நூறு கோடிக்கும் மேலே இருக்கிற இவற்றில் பெரும்பாலானவை பயிரையோ மனிதரையோ தொடுவதில்லை. அவை தேடுவது பாக்டீரியாவை. ஃபேஜ் ஒன்று பாக்டீரியாவின் மேல் ஒட்டித் தன் மரபணுவை உள்ளே செலுத்துகிறது. பாக்டீரியா தன் வேலையை விட்டுவிட்டு ஃபேஜைப் பெருக்க ஆரம்பிக்கிறது, கடைசியில் வெடிக்கிறது. அதற்குள் இருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் மண்ணில் கொட்டுகின்றன. பக்கத்து நுண்ணுயிர்கள் அதைத் தின்கின்றன, வேர் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, மிச்சம் களிமண் துகளில் ஒட்டிக் கிடக்கிறது. மண்ணிலுள்ள சத்துகளின் சுழற்சியில் இந்த வெடிப்புகளுக்கும் பங்கு உண்டு.

எந்தப் பாக்டீரியா கூட்டமாகப் பெருகுகிறதோ அதைத்தான் ஃபேஜ் எளிதில் கண்டுபிடிக்கும். அதனால் ஒரே இனம் மண்ணை முழுவதும் ஆள முடிவதில்லை. இன்னும் சில ஃபேஜ்கள் உடனே வெடிக்க வைக்காமல், பாக்டீரியாவின் மரபணுவுக்குள்ளேயே தங்கி அதனோடு சேர்ந்து பெருகி, நெருக்கடி வரும்போது வெளியே வருகின்றன. கோடையில் வறண்ட மண் முதல் மழையில் நனையும்போது நுண்ணுயிர்களோடு வைரஸ் கூட்டமும் சில நாட்களில் உருமாறுவதைக் கலிபோர்னியாவின் புல்வெளி மண்ணில் பார்த்திருக்கிறார்கள். கோடை மழைக்கு மண்வாசனை எழும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த நினைப்புதான் வருகிறது.

பயனும் உண்டு. தக்காளி, கத்தரி போடுகிறவர்களுக்கு வாடல் நோய் தெரியும். வாடிய தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் வைத்தால் பால்போல ஒரு இழை இறங்கும். அது அத்தனையும் பாக்டீரியா. சீனாவில் அந்தப் பாக்டீரியாவுக்கான பல ஃபேஜ்களைச் சேர்த்துத் தக்காளிக்குக் கொடுத்துப் பார்த்து, நோய் 80 சதவீதம் வரை குறைந்ததாக 2019ல் வெளியிட்டார்கள். ஃபேஜுக்குத் தப்பிய பாக்டீரியாவும் நோய் உண்டாக்கும் வலுவை இழந்திருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி.

2024ல் உலக மண் வைரஸ்களுக்கு ஒரு தொகுப்பே வந்துவிட்டது. சுமார் 3,000 மண் மாதிரிகளின் மரபணுத் தரவிலிருந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வைரஸ் மரபணுத் தொடர்களைப் பிரித்திருக்கிறார்கள். மண் பரிசோதனை முடிவைச் சொல்லி எங்கள் கையில் இருக்கும் மண்வள அட்டையிலோ 12 கட்டங்கள். கார அமிலத்தன்மை, உப்பு, கரிமச்சத்து, பேரூட்டம், நுண்ணூட்டம். உயிருக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை. ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்று அரசே திட்டத்துக்குப் பெயர் வைத்த பிறகும் இப்படி இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்களிடம் கோயம்புத்தூரில் ஒரு புதையல் இருக்கிறது. 1909ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல். நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பாத்தியில் தொழு உரம், ஒரு பாத்தியில் ரசாயன உரம், ஒன்றில் எதுவுமே இல்லை. இப்படி ஒரு நிலம் உலகத்தில் எத்தனை பேரிடம் இருக்கும்? அந்தப் பாத்திகளில் எத்தனை வைரஸ், எவ்வகை, தொழு உரப் பாத்தியிலும் யூரியா பாத்தியிலும் என்ன வித்தியாசம், கோடையிலும் மழைக்குப் பின்னும் என்ன மாற்றம் என்று பாருங்கள். ஏற்கெனவே பார்க்கத் தொடங்கியிருந்தால் முடிவை எங்களுக்குப் புரிகிற தமிழில் சொல்லுங்கள். அப்புறம், உயிர் உரப் பொட்டலங்களை அனுப்பும் முன் அந்தந்த வட்டாரத்து மண்ணின் ஃபேஜ்களுக்கு அந்த ரைசோபியம் தாக்குப்பிடிக்கிறதா என்றும் சோதியுங்கள்.

ஆடியில் மறுபடி கடலை விதைப்பேன். அதற்கு முன் எந்த நாளில் வந்தாலும் மேட்டுத் துண்டு, பள்ளத் துண்டு இரண்டிலும் நானே வெட்டி மண் எடுத்துத் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு கடலை விவசாயி