அவர் குடித்திருக்கவில்லை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை சென்று கும்பகோணம் திரும்பிய நம் வேனின் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பண்ருட்டியில் பலாப்பழக் கடைகளைத் தாண்டியதும் டிரைவர் கண் அசந்ததால் வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்கி, ஒரு புளியமரத்துக்குப் பத்தடி முன்னால் நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனாலும் உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். அவர்கள் பயந்து அழுததற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வீடியோவோடு சேர்ந்து 'டிரைவர் போதையில் இருந்தார்' என்றும் பரப்புகிறார்கள். அதைத்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை. 19 ஆண்டுகளாக நம்மிடம் ஓட்டுகிறவர், உங்கள் வீட்டுப் பாட்டிமார்களைக் கைபிடித்து இறக்கிவிடுகிறவர் அவர். வெற்றிலைகூடப் போடமாட்டார். காவலர்கள் அங்கேயே ஊதச் சொன்னார்கள்; கருவி பூஜ்யம் காட்டியது. 'முதலாளி தூங்கவிடாமல் ஓட்டவைத்தார்' என்று இன்னொரு செய்தி. பயணிகள் கிரிவலம் நடந்த அந்த இரவு அவருக்கு விடுதியில் அறை எடுத்துக் கொடுத்திருந்தோம். 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தார். அதற்கு முந்தைய நாள் அவருக்கு விடுமுறை. டிரிப் ஷீட்டும் அறை ரசீதும் அலுவலகத்தில் இருக்கின்றன. யார் வந்து கேட்டாலும் காட்டுகிறேன்.

எட்டு மணி நேரம் படுத்தவர் பிற்பகல் மூன்று மணிக்கு ஏன் கண் அசந்தார்? விடை அவர் மனைவியிடம் இருந்தது. "குறட்டை திடீரென்று நின்றுவிடும். மூச்சே இல்லையோ என்று உலுக்கி எழுப்புவேன்" என்றார். தஞ்சாவூரில் ஓர் இரவு முழுவதும் உடம்பில் வயர்களைப் பொருத்திச் சோதித்ததில், மணிக்கு 34 தடவை மூச்சு தடைபடுவது தெரிந்தது. ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. மூச்சுக்காக மூளை ஒவ்வொரு தடவையும் அரைகுறையாக விழித்துக்கொள்கிறது. படுத்தவருக்கு அது நினைவில் நிற்பதில்லை. மணிக்கு 30 தடவைக்கு மேல் போனாலே கடுமையான நிலையாம்.

காலையில் தலைவலி, வாய் வறட்சி, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது எல்லாம் அவருக்கு இருந்திருக்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்குவதை நானே பார்த்திருக்கிறேன். வயதாகிறது என்று விட்டுவிட்டேன். அது என் தவறு.

உங்களில் பலர் சொந்தக் கார் ஓட்டுகிறவர்கள் என்பதால் டாக்டர் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் வண்டி 58 மீட்டர் ஓடிவிடும். பாட்டை உரக்க வைப்பதும் கண்ணாடியை இறக்குவதும் தூக்கத்தைத் தடுக்காது. வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குவதுதான் வழி. அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான் உதவும். தினமும் ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்கினாலோ, குறட்டை நடுவில் மூச்சு நிற்பதாக வீட்டில் சொன்னாலோ, மாத்திரை சாப்பிட்டும் இரத்த அழுத்தம் அடங்காவிட்டாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். ஓட்டும்போது ஒரு தடவை கண் அசந்திருந்தாலும் டாக்டர் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். குண்டானவர்களுக்குத்தான் வரும் என்று எண்ணாதீர்கள்; ஒல்லியானவர்களுக்கும் வருகிறது.

எல்லாத் தூக்கத்துக்கும் இதுவே காரணமில்லை. சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள், முக்கியமாக அவில் போன்றவை, மறுநாள் காலைவரைகூட மந்தமாக்கும். தைராய்டு குறைவு, இரத்தசோகை இருந்தாலும் அசதி வரும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்வை, கைநடுக்கம், தடுமாற்றம் வரலாம். உடனே ஓரங்கட்டி இனிப்பு சாப்பிட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் செய்திகளைப் பார்த்தும் புக்கிங்கை ரத்து செய்யாமல், "அவர் எப்படி இருக்கிறார்?" என்று முதலில் விசாரித்த குடும்பங்களை நான் உயிருள்ளவரை மறக்கமாட்டேன். நம் டிரைவர்கள் ஆறு பேருக்கும் பரிசோதனை முடித்துவிட்டோம். நீண்ட பயணங்களுக்கு இனி இரண்டு டிரைவர்கள் வருவார்கள், இரவு 1 மணி முதல் 5 மணி வரை வண்டி ஓடாது. அடுத்த மாதம் முதல் கட்டணம் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் கூடுகிறது.

நம் டிரைவர் இப்போது இரவில், மூச்சுவழி அடைபடாமல் காற்றைச் செலுத்தும் முகமூடிக் கருவி மாட்டித் தூங்குகிறார். பல வருடங்களுக்குப் பிறகு தலைவலி இல்லாமல் எழுவதாகச் சொல்கிறார். டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை ஓட்டமாட்டார். காலையில் அலுவலகத்தில் புக்கிங் நோட்டைப் பார்த்துக்கொள்கிறார். சோதனை எப்படி இருக்கும், கருவி பழக எத்தனை நாளாகும் என்று கேட்க நினைப்பவர்கள் நேரில் வாருங்கள், அவரே சொல்வார்.

நன்றியுடன்,
உரிமையாளர்