டைஜஸ்டரை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளாதீர்கள்: கொழும்பின் கழிவுநீருக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

கடந்த ஆலோசனைக் கூட்டத்தில் நீங்கள் காட்டிய வரைபடத்தில், கசடுக்கென்று ஒதுக்கிய மூலையில் மூன்று பெட்டிகள் இருந்தன: தடிப்பாக்கும் தொட்டி, உலர்த்தும் படுக்கை, லொறி நிற்கும் இடம். கசடை நுண்ணங்கிகளால் செரிக்கவைத்து வாயு எடுக்கும் டைஜஸ்டர் இருக்கவேண்டிய இடத்தில் புள்ளிக்கோட்டால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் “இரண்டாம் கட்டம்” என்று எழுதியிருந்தீர்கள். இரண்டாம் கட்டம் என்று எழுதிவைத்த வேலைகள் இந்த நாட்டில் எங்கே போய் முடிகின்றன என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால் வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறோம். டைஜஸ்டரை முதலாம் கட்டத்திலேயே சேருங்கள்.

வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் போகும் நீண்ட குழாய்களைப் பற்றியோ, நூறாண்டு கடந்த நிலத்தடிக் குழாய்களைப் பற்றியோ நாங்கள் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. சுத்திகரிப்பு வேண்டும் என்பதிலும் பிணக்கு இல்லை. ஆனால் தண்ணீரைத் தெளியவைத்தால் அழுக்கு மாயமாகிவிடாது. அது கசடாகத் திரண்டு தொட்டியின் அடியில் வந்து நிற்கும், ஒவ்வொரு நாளும், விடுமுறை இல்லாமல்.

செரிக்காத அந்தக் கசடை உலர்த்தும் படுக்கையில் ஊற்றினால் நடப்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். நல்ல வெயிலில் சில கிழமைகளில் மேற்பரப்பு வெடித்துப் பாளம் பாளமாகக் கிளம்பும். மே மாதம் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கியதும் அந்தக் கணக்கு பிழைத்துவிடும். மேலே விரற்கடை தடிப்பில் காய்ந்த தோல் இருக்கும். மண்வெட்டியால் அதைப் புரட்டினால் கீழே சாம்பல் நிறக் களி. பச்சைக் கசடு தண்ணீரை விடாது, மண்வெட்டியையும் விடாது. ஒவ்வொரு முறையும் தகரத் துண்டால் வழித்துத்தான் தள்ளுவண்டியில் போடவேண்டும். இலையான் மொய்க்கும், புழு வைக்கும். கொக்கிப்புழு, வட்டப்புழு முட்டைகள் அதற்குள் உயிரோடு இருக்கும். அந்தக் களியில் கம்பூட்ஸ் புதைய நிற்பவர் நாட்கூலித் தொழிலாளி. அவர் உங்கள் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை. மதிலுக்கு அப்பால் உள்ள வீடுகளில் மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது யன்னலைச் சாத்துகிறார்கள். ஒரு வரைபடத்தில் புள்ளிக்கோடு போடும்போது இவர்களின் ஐந்து மழைமாதத் துன்பத்துக்கான தீர்வையும் சேர்த்தே ஒத்திவைக்கிறோம்.

டைஜஸ்டர் என்பது காற்றுப்புகாத தொட்டி, அவ்வளவுதான். வேலை செய்வது அதற்குள் இருக்கும் நுண்ணங்கிகள். ஒரு கூட்டம் புரதத்தையும் கொழுப்பையும் மாப்பொருளையும் உடைத்துக் கரைக்கும். அடுத்த கூட்டம் அதைக் கொழுப்பமிலங்களாக்கும். மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசற்றிக்கமிலமாகவும் ஐதரசனாகவும் மாற்றும். கடைசியில் மெதேனாக்கிகள் அவற்றை உண்டு மெதேனை விடும். மெதேனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அசற்றிக்கமிலத்திலிருந்து வருவது. இவற்றில் யாரும் தனித்து வாழ முடியாது: ஐதரசனைக் கடைசிக் கூட்டம் உடனுக்குடன் தின்று தீர்க்காவிட்டால் மூன்றாவது கூட்டத்தின் வேலை அப்படியே நின்றுவிடும். அமிலம் ஆக்குபவை சில மணித்தியாலத்தில் இரட்டிக்கும். அசற்றிக்கமிலத்தை உண்ணும் மெதேனோதிரிக்ஸ் போன்றவை இரட்டிக்கப் பல நாள் எடுக்கும். டைஜஸ்டரில் வரும் கோளாறுகளில் பல இந்த வேக வித்தியாசத்திலிருந்தே முளைக்கின்றன.

இனிக் கணக்கு. நாளொன்றுக்கு 100 கனமீற்றர் கசடு, 4 வீதம் திண்மம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்நிறை 4 தொன். அதில் 70 வீதம் எரியக்கூடிய சேதனப் பொருள் என்றால் 2.8 தொன். பாதி செரித்தால் 1.4 தொன். அழியும் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.9 கனமீற்றர் வீதம் ஏறத்தாழ 1,260 கனமீற்றர் உயிர்வாயு கிடைக்கும். அதில் 60 வீதத்துக்குச் சற்று மேல் மெதேன். கனமீற்றருக்கு 2 அலகு என்று குறைத்துப் பிடித்தாலும் நாளொன்றுக்கு 2,500 அலகு மின்சாரம், அதாவது இரவும் பகலும் ஓடும் 100 கிலோவாற்று மின்பிறப்பாக்கி. 20 நாள் தங்கும் காலத்துக்கு 2,000 கனமீற்றர் தொட்டி போதும். தொட்டியின் ஒவ்வொரு கனமீற்றருக்கும் நாளொன்றுக்கு 1.4 கிலோ சேதனப் பொருள் என்ற சுமை தாராளமாகத் தாங்கக்கூடியது. இது நிலையம் முழுவதையும் ஓட்டிவிடும் என்று சொல்ல வரவில்லை. கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் காற்றூதிகள் தின்னும் மின்சாரத்தில் கணிசமான பங்கை ஈடுகட்டும் என்பதே எங்கள் வாதம்; மாதாமாதம் மின்சாரப் பட்டியல் கட்டுபவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

குளிர்நாட்டவர்களுக்கு இல்லாத ஒரு கொடை எங்களுக்கு உண்டு. மாரியில் அவர்களின் கசடு 10, 12 பாகையில் வரும். அதை 36 பாகைக்கு ஏற்ற வேண்டும். கொழும்பில் அது 28 பாகையில் வருகிறது. மீதி எட்டுப் பாகையை ஏற்ற எஞ்சினின் கழிவு வெப்பத்தில் மூன்றிலொரு பங்குகூட வேண்டாம். இதே வெயிலில் சென்னைக்காரர்கள் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கசடு வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் ஏன் “இன்னும் ஆராய வேண்டிய தொழில்நுட்பம்” ஆனது என்று கேட்க விரும்புகிறோம்.

பக்டீரியா நேரடியாக மின்சாரம் தரும் கலங்கள் வரட்டும், அதுவரை பொறுப்போம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஜியோபாக்டர் போன்ற பக்டீரியாக்கள் இலத்திரனை மின்வாய்க்குக் கொடுப்பது உண்மை, அழகான விஞ்ஞானமும்கூட. ஆனால் அவை தரும் வலு ஒரு நகரத்தின் கசடுக்கு முன் மிகச் சிறியது. அதற்காகக் காத்திருப்பது நியாயமில்லை.

உங்கள் மெய்யான தயக்கம் பராமரிப்பு என்று நினைக்கிறோம். அது நியாயமான தயக்கம், அதனால் ஒளிக்காமல் சொல்கிறோம். டைஜஸ்டர் கெடும். எப்படிக் கெடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். சனி, ஞாயிறு கசடு ஊட்டாமல் விட்டுத் திங்கட்கிழமை மூன்று நாள் கசடை ஒரேயடியாகப் பம்பியால் தள்ளினால், அமிலம் ஆக்குபவை முந்திக்கொள்ளும், மெதேனாக்கிகள் பின்தங்கும், தொட்டி புளித்துவிடும். அமிலத்தன்மையைக் காட்டும் பீஎச் அளவு 6.8 இற்குக் கீழே இறங்கும்போதுதான் பலர் கவனிக்கிறார்கள். அப்போது நோய் முற்றிவிட்டது. முன்கூட்டியே சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. வடித்த மாதிரியில் 20 மில்லிலீற்றர் எடுத்து, கலக்கிக்கொண்டே 0.1 நோர்மல் சல்பூரிக்கமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பீஎச் 5.0 இல் ஒரு வாசிப்பு, 4.4 இல் இன்னொரு வாசிப்பு. கால் மணித்தியால வேலை. இந்த இரு வாசிப்புகளிலிருந்து கணிக்கும், அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம் 0.3 இற்குள் இருந்தால் நிம்மதி. 0.4 ஐத் தாண்டினால் ஊட்டலைக் குறைக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் ஊட்டலை நிறுத்தி, சோடியம் இருகாபனேற்று இட்டு, வெப்பநிலையை அசையவிடாமல் காத்திருக்க வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு பியூரெட், ஒரு பீஎச் மானி, ஞாயிற்றுக்கிழமையும் சம்பளம் பெறும் ஓர் ஆய்வுகூட உதவியாளர். அந்தப் பதவியை ஆளணியில் இப்போதே சேருங்கள்.

தொடக்கமும் அவசரப்படக் கூடாதது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டைஜஸ்டரின் கசடையோ மாட்டுச்சாணக் கரைசலையோ தொட்டியில் பத்திலொன்று முதல் ஐந்திலொன்றுவரை விதையாக இட்டு, கனமீற்றருக்கு அரைக் கிலோ சுமையில் தொடங்கி, விகிதம் 0.3 இற்குள் நிற்கும்போது மட்டும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். முதலில் எழும் வாயுவில் காற்றும் காபனீரொட்சைட்டும் கலந்திருக்கும். காற்றில் மெதேன் 5 முதல் 15 வீதம் வரை இருந்தால் வெடிக்கும் என்பதால் அந்த நாட்களில் பக்கத்தில் தீப்பொறிக்கு இடமே கொடுக்கக்கூடாது. திறப்புவிழாத் திகதியை முன்கூட்டி அறிவித்துவிட்டு நுண்ணங்கிகளை விரட்டினால் அவை விரைந்து வளராது, செத்துப்போகும்.

கொழும்புக்கே உரிய ஒரு சிக்கலை வரைபடம் தொடவே இல்லை: உப்புநீர். கரையோரத்தின் வெடித்த பழைய குழாய்களுக்குள் கடல்நீர் கசிந்தால் அதோடு சல்பேற்றும் வரும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2,700 மில்லிகிராம் சல்பேற்று இருக்கிறது. கழிவுநீரில் 5 வீதம் கடல்நீர் கலந்தாலே லீற்றருக்கு 135 மில்லிகிராம். சல்பேற்றைத் தின்னும் பக்டீரியாக்கள் மெதேனாக்கிகளின் உணவைப் பறித்து ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயுவை விடும். மேலே சொன்ன கணக்கில் அதில் பெரும்பங்கு வாயுவோடு எழுந்தால் அதன் அளவு 2,000 பீபீஎம்மை (பத்து இலட்சத்தில் 2,000 பங்கை) எட்டும். எஞ்சின்கள் சில நூறுக்கு மேல் பொறுக்காது. எண்ணெய் புளித்து, எஞ்சினின் தாங்கிகள் (பெயரிங்) அரித்துப் போகும். மனிதருக்கு அது இன்னும் கொடியது: 100 பீபீஎம்மைத் தாண்டினாலே மூக்கு மரத்துவிடும், மணம் போய்விட்டது என்று நினைத்துத் தொழிலாளி உள்ளே இறங்குவார். எனவே சல்பைட்டைப் பிடிக்கப் பெரிக் குளோரைட்டு இடும் பம்பியும், இரும்புத்துருவல் நிரப்பிய வடிகலனும், இடுப்பில் மாட்டும் வாயு எச்சரிப்பு மானியும் விலைமனுவில் இருக்க வேண்டும். ஷாம்பூ வழியாக வரும் சிலொக்சேன் என்ற சிலிக்கன் சேர்வை எஞ்சினுக்குள் மணலாகப் படிவதைத் தடுக்கக் கரிவடி (கரி நிரப்பிய வடிகட்டி) ஒன்று போதும். மணல்பொறியும் 6 மில்லிமீற்றர் சல்லடையும் இல்லாவிட்டால் ஈரத்துடைப்பான்கள் கலக்கியைச் சுற்றிக் கயிறாகிவிடும், தொட்டியின் கொள்ளளவை மணல் ஆண்டாண்டாகத் தின்னும்.

கல்லி பவுசர்கள் கொண்டுவரும் மலக்குழிக் கழிவை நம்பி வாயுக் கணக்குப் போடாதீர்கள். அது குழிக்குள் ஆண்டுக்கணக்காய்க் கிடந்து பெரும்பாலும் செரித்துவிட்டது. வாயுவைக் கூட்ட விரும்பினால் உணவகங்களின் கொழுப்புப் பொறிகளில் தேங்குவதை, சிறுகச் சிறுக, ஒழுங்காகச் சேருங்கள்.

2022 மார்ச் மாதக் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டில் இந்த நகரம் இருட்டில் கிடந்தது. எரிவாயு சிலிண்டரோடு சனம் வீதியில் படுத்து எழும்பியது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை வீடுகள்மேல் சரிந்தது, புத்தாண்டு நாளில். ஒவ்வொரு முறையும் கழிவின் பாரம் வறியவர்களின் வாசலில்தான் இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் நல்ல பகுதி இரண்டாம் கட்டத்துக்குப் போகிறது. இதைச் சொல்லும்போது குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறோம்.

விலைமனு கோரும் முன் அந்தப் புள்ளிக்கோட்டை முழுக்கோடாக்கி, டைஜஸ்டரை முதலாம் கட்டத்திலேயே சேருங்கள். முழு அளவுத் தொட்டிக்கு இப்போது நிதி இல்லையென்றால், 50 கனமீற்றர் சோதனைத் தொட்டி ஒன்றை ஒரு பருவப்பெயர்ச்சி முழுவதும் ஓட்டி, நாளாந்த வாயு அளவையும் அமில விகிதத்தையும் சல்பைட்டையும் மும்மொழியிலும் வெளியிடுங்கள். வெள்ளவத்தை, முகத்துவாரக் குழாய்களில் வற்றுப்பெருக்கு நேரங்களில் சல்பேற்று அளந்து பார்க்கும்படியும் கேட்கிறோம். அதற்குச் சில போத்தல்களும் ஒரு கிழமையும் போதும், மாதிரி எடுக்க நாங்களே வருகிறோம்.

தங்கள் எழுத்துமூலப் பதிலை எதிர்பார்த்து,

கழிவுநீர்த் துறையில் வேலை செய்யும் சில பொறியியலாளர்களும் ஆய்வுகூடத்தாரும்
கொழும்பு